எல்எக்ஸ்சி கண்டெய்னர் கிளம்ப மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

கண்டெய்னர் பூட் ஆகவில்லை என்றதும், மெய்நிகர் கணினியில் தேடிப் பழகிய இடங்களிலேயே பலரும் தேடத் தொடங்குகிறார்கள். பூட்லோடரைப் பார்க்கிறார்கள், கெர்னலைப் பார்க்கிறார்கள். எல்எக்ஸ்சி எனப்படும் லினக்ஸ் கண்டெய்னரில் இவை எதுவும் கிடையாது. ஹோஸ்டின் (கண்டெய்னரைத் தாங்கும் கணினியின்) கெர்னல் ஒரு கோப்புறையை ரூட்டாக வைத்துக்கொண்டு, தனி நேம்ஸ்பேஸ்களை (மற்றவற்றைப் பார்க்கவிடாத தடுப்புகளை) உருவாக்கி, ஒரு சிகுரூப்பில் (ப்ராசஸ்களின் வளங்களுக்கு வரம்பு வைக்கும் குழுவில்) அடைத்து, அதற்குள் /எஸ்பின்/இனிட் என்ற ஒரு ப்ராசஸை ஓட்டுகிறது. கண்டெய்னருக்கு பூட் என்பது அவ்வளவுதான்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது, இனிட் ஓட ஆரம்பித்ததா இல்லையா என்பது. ஆரம்பிக்கவே இல்லை என்றால், பெரும்பாலும் கான்ஃபிக் கோப்பிலோ ஹோஸ்டிலோ கோளாறு. ஆரம்பித்த கணமே செத்தாலோ உறைந்து நின்றாலோ, ஹோஸ்டும் கண்டெய்னரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே நுழையத்தான் முடியவில்லை என்றால், கண்டெய்னருக்குள் ஏதோ ஒரு சர்வீஸ் எதற்காகவோ காத்துக் கிடக்கிறது. இந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். எதையும் மாற்றும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். பூட் ஆகாத கண்டெய்னரைக்கூட இன்னும் மோசமாக்க முடியும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் லாக்

சாதாரணமாக ஸ்டார்ட் செய்தால் "விவரம் வேண்டுமென்றால் ஃபோர்கிரவுண்டில் ஓட்டிப் பார்" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வரும். அது சொல்வதையே செய்யுங்கள்:

எல்எக்ஸ்சி-ஸ்டார்ட் --நேம் பெயர் --ஃபோர்கிரவுண்ட் --லாக்ப்ரையாரிட்டி டீபக் --லாக்ஃபைல் /டிஎம்பி/பூட்.லாக்

சுருக்க ஆப்ஷன்களை விட இந்த நீளமான வடிவமே நல்லது. ஃபோர்கிரவுண்டுக்கான சுருக்கம் பெரிய எழுத்து எஃப். அதையே சின்ன எழுத்தில் அடித்துவிட்டால் கான்ஃபிக் கோப்பின் பெயரைக் கேட்கும் வேறொரு ஆப்ஷன் ஆகிவிடும். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸில் 'பிசிடி ஸ்டார்ட்' கட்டளையோடு டீபக் ஆப்ஷன் சேர்க்கலாம். அதே வேலையைச் செய்யும் இன்கஸில் 'இன்கஸ் இன்ஃபோ பெயர் --ஷோ-லாக்' என்று கொடுக்கலாம்.

இப்போது அந்த லாக்கைப் படிக்கும் விதம். கடைசி வரியிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே "ரன்னிங்குக்குப் பதிலாக அபார்ட்டிங் நிலை வந்தது" என்று இருக்கும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அதற்கு மேல் வரியில் "கண்டெய்னரை செட்டப் செய்ய முடியவில்லை", அதற்கும் மேலே "மவுண்ட் என்ட்ரிகளை செட்டப் செய்ய முடியவில்லை". இன்னும் மேலே போனால் "/எஸ்ஆர்வி/டேட்டா: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". காரணம் அங்கேதான் இருக்கிறது. கீழே உள்ள வரிகள் எல்லாம், தோல்வியை ஒரு ஃபங்ஷன் தன்னைக் கூப்பிட்ட ஃபங்ஷனிடம் சொல்லிக்கொண்டே போன தடயம். எனவே மேலிருந்து தேடி, 'எரர்' என்று வரும் முதல் வரியைப் பிடியுங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் கொடுத்த உடனே பிழை, இனிட் ஓடவே இல்லை

இதில் அதிகம் பார்ப்பது மேலே சொன்ன பைண்ட் மவுண்ட் (ஹோஸ்டின் கோப்புறையைக் கண்டெய்னருக்குள் இணைப்பது) தவறுதான். ஹோஸ்டில் இருந்த கோப்புறையை யாரோ பெயர் மாற்றியிருப்பார்கள், அல்லது அது இருந்த வட்டு மவுண்ட் ஆகியிருக்காது. அந்த மவுண்ட் வரியின் ஆப்ஷன்களோடு 'ஆப்ஷனல்' என்று சேர்த்தால் கண்டெய்னர் கிளம்பிவிடும் என்ற யோசனை எளிதில் கிடைக்கும். தற்காலிகக் கோப்புகள் வைக்கும் இடத்துக்கு அது சரி. டேட்டாபேஸ் கோப்புறைக்கு மட்டும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடுத்த முறை வட்டு மவுண்ட் ஆகாதபோது கண்டெய்னர் வெறும் கோப்புறையோடு சந்தோஷமாகக் கிளம்பும், டேட்டாபேஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு அதில் எழுத ஆரம்பிக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் உங்களுக்குத் தெரியவரும். பழைய தரவையும் புதிய தரவையும் ஒன்றாகச் சேர்ப்பதோடு ஒப்பிட்டால், கண்டெய்னர் கிளம்பாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

பிரிட்ஜ் (கண்டெய்னரை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் சுவிட்ச்) இல்லை என்று சொன்னால், 'ஐபி லிங்க்' கட்டளையில் அந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வழக்கமான எல்எக்ஸ்சிபிஆர்0 காணவில்லை என்றால் எல்எக்ஸ்சி-நெட் சர்வீஸ் ஓடவில்லை.

ஹோஸ்டைப் பல வருடம் கழித்து அப்கிரேடு செய்த பிறகு பழைய கண்டெய்னர்கள் எல்லாம் ஒரேயடியாக மறுக்கின்றனவா? கான்ஃபிக் சாவிகளின் பெயர் மாறியதுதான் காரணமாக இருக்கும். 2017-இல் வந்த 2.1 பதிப்பு புதிய பெயர்களைக் கொண்டுவந்தது. 2018-இல் வந்த 3.0 பழைய பெயர்களைக் கைவிட்டது. எல்எக்ஸ்சி.நெட்வொர்க்.டைப் என்பது எல்எக்ஸ்சி.நெட்.0.டைப் ஆனது, எல்எக்ஸ்சி.ரூட்எஃப்எஸ் என்பது எல்எக்ஸ்சி.ரூட்எஃப்எஸ்.பாத் ஆனது. கையால் திருத்த வேண்டியதில்லை. எல்எக்ஸ்சி-அப்டேட்-கான்ஃபிக் என்ற கருவி பழைய கோப்புக்கு ஒரு பேக்அப் வைத்துவிட்டு மாற்றித் தரும்.

'நியூயுஐடிமேப்' (கண்டெய்னரின் பயனர் எண்களை ஹோஸ்டின் வேறு எண்களாக மாற்றும் கருவி) என்ற சொல் பிழையில் வந்தால், ஹோஸ்டின் /ஈடிசி/சப்யுஐடி, /ஈடிசி/சப்ஜிஐடி இரண்டையும் திறந்து பாருங்கள். கண்டெய்னரை ஓட்டும் பயனரின் பெயருக்கு நேரே 100000:65536 போல ஒரு வரம்பு இரண்டு கோப்பிலும் இருக்க வேண்டும். கான்ஃபிக்கில் கேட்டிருக்கும் எண்கள் அந்த வரம்புக்குள் அடங்கவும் வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் விட்டுப்போயிருப்பது அடிக்கடி நடக்கிறது. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்து உங்கள் ஹோம் கோப்புறையின் பெயரும் கூடவே வந்தால், அந்தக் கோப்புறைக்குள் நுழையும் அனுமதி கண்டெய்னரின் ரூட்டுக்கு இல்லை என்று பொருள். ஒரு ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) வரியில் எக்ஸ், அதாவது நுழையும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், படிக்கும் அனுமதி தேவையில்லை. 'எக்ஸிக் ஃபார்மட் எரர்' என்றால் ஆர்ம் கணினியில் இன்டெல் வகை இமேஜை ஓட்டப் பார்க்கிறீர்கள், அல்லது நேர்மாறாக.

அறிகுறி: ரன்னிங் என்று காட்டுகிறது, உள்ளே ஒரே ஒரு ப்ராசஸ்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். கன்சோல் வெறுமையாக இருக்கும். எல்எக்ஸ்சி-அட்டாச் மூலம் உள்ளே போய் ப்ராசஸ் பட்டியலைப் பார்த்தால், இனிட்டையும் உங்கள் ஷெல்லையும் தவிர ஒன்றுமே இருக்காது. ஃபோர்கிரவுண்டில் ஓட்டியிருந்தால் "சிகுரூப்பை மவுண்ட் செய்ய முடியவில்லை" என்றும் அதன் கீழே "ஃப்ரீஸிங்" என்றும் சிஸ்டம்டி (பெரும்பாலான லினக்ஸ்களில் இனிட்டாக ஓடுவது) எழுதியிருக்கும். பிஐடி 1, அதாவது முதல் ப்ராசஸான இனிட், செத்தால் கண்டெய்னர் முழுவதும் போய்விடும் என்பதால், அது சாகாமல் உறைந்து நிற்கிறது.

சிகுரூப்பின் இரண்டு தலைமுறைகள் மோதிக்கொள்ளும் இடம் இது. லினக்ஸ் டிஸ்ட்ரோக்களான ஃபெடோரா 31, டெபியன் 11, உபுண்டு 21.10 ஆகியவற்றிலிருந்து இரண்டாம் பதிப்பே இயல்பானது. சென்ட்ஓஎஸ் 7-இல் உள்ள சிஸ்டம்டி 219, உபுண்டு 16.04-இல் உள்ளது 229. இந்த இரண்டுக்கும் புதிய அமைப்பில் பூட் ஆகத் தெரியாது. ஆக, ஹோஸ்டை டெபியன் 10-இலிருந்து 11-க்கு மாற்றிய இரவில் பழைய கண்டெய்னர்கள் மட்டும் உறைந்தால், அவற்றில் எதையும் யாரும் உடைக்கவில்லை. அவை நேற்று எப்படி இருந்தனவோ அப்படியேதான் இன்றும் இருக்கின்றன, அடியில் இருந்த தரைதான் மாறிவிட்டது.

சோதிப்பது எளிது. ஹோஸ்டில் 'ஸ்டேட் -எஃப்சி %டி /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்' என்று அடியுங்கள், சதவீதக் குறிக்குப் பின் வரும் டி மட்டும் பெரிய எழுத்து. சிகுரூப்2எஃப்எஸ் என்று வந்தால் இரண்டாம் பதிப்பு. டெம்ப்எஃப்எஸ் என்று வந்தால் பழையது, அல்லது இரண்டும் கலந்தது.

தீர்வாக, சிஸ்டம்டி.யூனிஃபைடு_சிகுரூப்_ஹையரார்க்கி=0 என்று ஹோஸ்டின் கெர்னல் வரியில் சேர்த்து ரீபூட் செய்யச் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் ஒரு பழைய கண்டெய்னருக்காக ஹோஸ்டில் உள்ள அத்தனை கண்டெய்னர்களையும் பழைய அமைப்புக்கு இழுக்கிறீர்கள். இந்த வழி மூடிக்கொண்டும் வருகிறது: 2024-இல் வந்த சிஸ்டம்டி 256, பழைய சிகுரூப்பில் தானாகப் பூட் ஆக மறுக்கிறது, 258-இல் அந்த ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. அதனால் பிரச்சினை எதிர்த்திசையிலும் வரும். பழைய சிகுரூப்பில் ஓடும் ஹோஸ்டில் புத்தம்புது டிஸ்ட்ரோவை ஏற்றினாலும் அது உறையும். என் கருத்து இதுதான்: இந்த ஆப்ஷனைத் தரவை வெளியே எடுக்கும் வரைக்குமான அவகாசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்தக் கண்டெய்னரைப் புதிய டிஸ்ட்ரோவுக்கு மாற்றிவிடுங்கள். அதுவும் முடியாது என்றால் தனிக் கெர்னலோடு ஒரு முழு மெய்நிகர் கணினியில் வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம். உறைந்த கண்டெய்னரை எல்எக்ஸ்சி-ஸ்டாப் கொடுத்து நிறுத்தினால் அது 60 வினாடி பதிலுக்குக் காத்திருக்கும். உறைந்த இனிட் பதில் சொல்லாது. --கில் சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: கடைசியாகக் கிளம்பும் கண்டெய்னர் மட்டும் சாகிறது

என்னை ஒரு முழு நாள் அலைக்கழித்த அறிகுறி இது. ஹோஸ்டை ரீபூட் செய்ததும் எல்லாக் கண்டெய்னர்களும் எழுந்தன, ஒன்றைத் தவிர. அதைப் பிரித்து மேய்ந்தேன். பேக்அப்பிலிருந்து மீட்டுப் பார்த்தேன், அதுவும் எழவில்லை. பிறகு தற்செயலாக வேறொரு கண்டெய்னரை நிறுத்திவிட்டு இதை ஸ்டார்ட் செய்தேன், உடனே எழுந்துவிட்டது. இப்போது நிறுத்திய அந்த மற்றொன்று எழ மறுத்தது. அப்போதுதான் புரிந்தது, குறை எந்தக் கண்டெய்னரிலும் இல்லை. ஹோஸ்டில் ஏதோ ஒரு எண்ணிக்கை தீர்ந்துபோயிருக்கிறது.

கன்சோலில் வந்த வரி "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்". அதைப் படித்துவிட்டு திறந்த கோப்புகளின் வரம்பை ஏற்றிக்கொண்டே போனேன், ஒரு பயனும் இல்லை. தேவைப்பட்டது அதற்கு முன்னால் இருந்த சொல்: "ஐநோட்டிஃபை ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை". கோப்புறை மாற்றங்களைக் கவனிக்க ஒவ்வொரு சிஸ்டம்டியும் சில ஐநோட்டிஃபை இன்ஸ்டன்ஸ்களை எடுத்துக்கொள்கிறது. ஒரு பயனருக்கு இத்தனைதான் என்று கெர்னலில் வரம்பு உண்டு, வழக்கமான மதிப்பு 128. கண்டெய்னர்கள் எல்லாம் ஒரே கணக்கில் செலவு எழுதுவதால் கடைசியாக வருபவருக்கு மிச்சம் இருப்பதில்லை. அந்த சிஸ்டம்டி தன் மேனேஜர் ஆப்ஜெக்டையே உருவாக்க முடியாமல் வெளியேறிவிடுகிறது.

ஹோஸ்டில் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்சஸ் மதிப்பைப் பாருங்கள். 1024 ஆக ஏற்றி, ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி கோப்புறையில் ஒரு கோப்பாக எழுதிவையுங்கள். கண்டெய்னருக்குள் ஏற்ற முயலாதீர்கள், அங்கே எழுத அனுமதி இருக்காது.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. வட்டில் நிறைய இடம் இருக்கும், கோட்டாவே போட்டிருக்க மாட்டீர்கள், ஆனாலும் "டிஸ்க் கோட்டா எக்ஸீடட்" என்று வரும். இங்கே தீர்ந்தது கெர்னலின் கீரிங் (ரகசியச் சாவிகளை வைக்கும் இடம்). கெர்னல்.கீஸ்.மேக்ஸ்கீஸ் வழக்கமாக 200. கீரிங் நிரம்பினாலும் கெர்னல் திருப்பித் தருவது அதே கோட்டாப் பிழை எண்தான், அந்த எண்ணுக்கு உள்ள வாசகத்தில் 'டிஸ்க்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2000 ஆக ஏற்றினால் தீரும்.

அறிகுறி: பேக்அப்பிலிருந்து மீட்ட பிறகு எல்லாம் 'நோபடி' பெயரில்

முழு உரிமையுள்ள பிரிவிலேஜ்டு கண்டெய்னரை அன்பிரிவிலேஜ்டாக (உள்ளே 0 என்ற ரூட், ஹோஸ்டில் 100000 போன்ற சாதாரண எண்ணாக இருக்கும் வகையாக) மாற்றும்போது இது நேரும். ஹோஸ்டில் அந்த ரூட் கோப்புறைக்குள் 'எல்எஸ் -எல்என்' அடித்து எண்களைப் பாருங்கள். அன்பிரிவிலேஜ்டு என்றால் 100000, 100033 போன்ற எண்கள் தெரிய வேண்டும். 0, 33 என்று தெரிந்தால் கோப்புகள் இன்னும் ஹோஸ்டின் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கின்றன. கண்டெய்னருக்குள்ளிருந்து பார்க்கும்போது அவை தன் வரம்புக்கு வெளியே இருப்பதால் 65534, அதாவது நோபடி என்று காட்டும். இனிட்டை எல்லோரும் இயக்கலாம் என்பதால் அது ஓடும். எழுத வேண்டிய இடத்தில் எழுத முடியாமல் ஒவ்வொரு சர்வீஸாக விழும்.

இதைப் பார்த்ததும் கை தானாக 'சௌன் -ஆர் 100000' என்று அடிக்கப் போகும். நானும் ஒருமுறை அடித்தேன். கண்டெய்னர் எழுந்தது, ஆனால் சூடோ வேலை செய்யவில்லை, எஸ்யூ வேலை செய்யவில்லை, வெப் சர்வரின் கோப்புகளும் டேட்டாபேஸின் கோப்புகளும் ரூட்டின் பெயருக்கு வந்துவிட்டன. உரிமையாளர் மாறும்போது இயக்கக் கோப்புகளின் செட்யுஐடி பிட்டை (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓட வைப்பது) கெர்னல் அழித்துவிடுகிறது, ரூட் செய்தாலும் அழிக்கும். கோப்பில் எழுதியிருக்கும் கேப்பபிலிட்டிகளும் (தனித்தனிச் சிறப்பு அதிகாரங்கள்) போய்விடும். அதற்கு மேல், யார் எந்தக் கோப்பின் சொந்தக்காரர் என்ற தகவலே அழிந்துபோகிறது. அதை மீட்க வழியில்லை.

சரியான வழி, மாற்றத்தை மீட்கும் நேரத்திலேயே செய்வது. ப்ராக்ஸ்மாக்ஸில் 'பிசிடி ரீஸ்டோர்' கட்டளைக்கு --அன்பிரிவிலேஜ்டு 1 கொடுங்கள். வெறும் எல்எக்ஸ்சியில் எல்எக்ஸ்சி-யூசர்என்எஸ்எக்ஸிக் கருவிக்குள் டார் கட்டளையை --நியூமரிக்-ஓனர் ஆப்ஷனோடு ஓட்டி விரியுங்கள். அந்த நேம்ஸ்பேஸுக்குள் 0 என்று எழுதினால் வெளியே 100000 என்று விழும், 33 என்றால் 100033. ஒவ்வொரு கோப்பும் தன் இடத்துக்குத் தானாகப் போய்ச்சேரும்.

அறிகுறி: பூட் ஆகிறது, ஆனால் நிமிடக்கணக்கில் ஆகிறது, அல்லது லாகின் வரவே இல்லை

இனிட் உயிரோடு இருப்பதால் எல்எக்ஸ்சி-அட்டாச் கை கொடுக்கும். அதற்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், லாகின் கேட்கும் 'கெட்டி' ப்ரோகிராமும் வேண்டாம். உள்ளே போனதும் 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ்' அடியுங்கள். 'ரன்னிங்' என்று இருக்கும் வேலைதான் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, 'வெயிட்டிங்' எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்பவை.

எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்பதைக் கடிகாரத்தில் பாருங்கள். அந்த எண்ணே பாதி பதில் சொல்லிவிடும். ஒன்றரை நிமிடம் என்றால் சிஸ்டம்டியின் இயல்பான 90 வினாடி வரம்பு: பெரும்பாலும் எஃப்எஸ்டேப் என்ற மவுண்ட் பட்டியல் கோப்பில் யுயுஐடி (தனி அடையாள எண்) கொடுத்து எழுதியிருக்கும் ஒரு வட்டுக்காகக் காத்திருக்கிறது. நிஜக் கணினியிலிருந்து கண்டெய்னராக மாற்றும்போது அந்தக் கோப்பும் கூடவே வந்துவிடும். கண்டெய்னருக்குள் அந்த வட்டு ஒருநாளும் தோன்றப்போவதில்லை, 90 வினாடி முடிந்ததும் எமர்ஜென்சி மோடுக்குப் போகும். கோப்பைக் காலி செய்யுங்கள். மவுண்ட்களைப் பார்ப்பது ஹோஸ்டின் வேலை. இரண்டு நிமிடம் என்றால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன், 120 வினாடி. ஐந்து நிமிடம் என்றால் டெபியன் வகைகளின் நெட்வொர்க்கிங் சர்வீஸ். இந்த இரண்டும் ஐபி முகவரி கிடைக்காமல் நிற்பவை, எனவே பிரிட்ஜையும், முகவரி வழங்கும் டிஹெச்சிபியையும் கவனியுங்கள்.

பூட் சீக்கிரமே முடிந்து, எஸ்எஸ்ஹெச் லாகின் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக 25 வினாடி எடுக்கிறதா? அது டிபஸ் (சர்வீஸ்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். லாகின்களைக் கவனிக்கும் லாகின்டி எழவில்லை. 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' பட்டியலில் அதைப் பார்ப்பீர்கள், அதன் நிலையில் 226/நேம்ஸ்பேஸ் என்று இருக்கலாம். புதிய டிஸ்ட்ரோக்களில் பல சர்வீஸ்கள் பாதுகாப்புக்காகத் தமக்கென்று தனி மவுண்ட் நேம்ஸ்பேஸ் உருவாக்கிக்கொள்கின்றன, ஹோஸ்டின் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுக்கிறது. ஹோஸ்டின் டிமெசேஜ் வெளியீட்டில் 'டினைடு' என்று தேடினால் அதே நொடியில் பதிவான வரி கிடைக்கும்.

இதற்கு நெஸ்டிங்கை (கண்டெய்னருக்குள் கண்டெய்னர் ஓட்டவிடும் அனுமதியை) இயக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஃபீச்சர்ஸ் வரியில் நெஸ்டிங்=1, இன்கஸில் செக்யூரிட்டி.நெஸ்டிங். அன்பிரிவிலேஜ்டு கண்டெய்னருக்கு இதைத் தயங்காமல் கொடுக்கலாம். பிரிவிலேஜ்டு கண்டெய்னருக்குக் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ரூட்டுக்கு ஹோஸ்ட் வரை கை எட்டிவிடும். ஆப்ஆர்மர் ப்ரொஃபைலை 'அன்கன்ஃபைன்ட்' ஆக்கிவிட்டு அப்படியே விடுவதும் கூடாது. சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரே ஒரு முறை அப்படி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். பிரச்சினை ஆப்ஆர்மரில்தான் என்று தெரிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால்

கான்ஃபிக்கில் எல்எக்ஸ்சி.இனிட்.சிஎம்டி = /பின்/பாஷ் என்று ஒரு வரி சேர்த்து, ஃபோர்கிரவுண்டில் ஸ்டார்ட் செய்யுங்கள். சிஸ்டம்டிக்குப் பதிலாக ஒரு ஷெல் பிஐடி 1 ஆக எழும். ஷெல் வந்துவிட்டால் மவுண்ட், நேம்ஸ்பேஸ், பயனர் எண் மாற்றம், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் அத்தனையும் சரியாக இருக்கின்றன. மிச்சக் கோளாறு சிஸ்டம்டியிலும் அது ஓட்டும் சர்வீஸ்களிலும்தான். ஷெல்லும் வரவில்லை என்றால் கான்ஃபிக்குக்கே திரும்புங்கள். மவுண்ட் வரிகளை ஒவ்வொன்றாக கமெண்ட் செய்து, எதை எடுத்ததும் எழுகிறது என்று பாருங்கள். ஷெல் கிடைத்த கையோடு 'டிஎஃப் -ஹெச்', 'டிஎஃப் -ஐ' இரண்டையும் அடித்துவிடுங்கள். இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோயிருக்கும் கண்டெய்னர்கள் உண்டு.

வேலை முடிந்ததும் அந்த இனிட் வரியை மறக்காமல் நீக்குங்கள். நீக்காவிட்டால் அடுத்த ஹோஸ்ட் ரீபூட்டில் கண்டெய்னர் ரன்னிங் என்று காட்டும், உள்ளே பாஷ் மட்டும் உட்கார்ந்திருக்கும், அல்லது டெர்மினல் இல்லாமல் உடனே முடிந்துபோகும்.